பால்மரமும் பத்து வெள்ளியும்

சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தில், காஜாங் நகரைக் கடந்து நெகிரி செம்பிலான் எல்லையை நோக்கிச் செல்லும் பழைய சாலையில் அமைந்த ஊர் செமினி. ஒரு காலத்தில் அவ்வூரைச் சுற்றிலும் பால்மரக் காடுகள் நிரை நிரையாக நின்றன. இன்று அந்நிரைகள் இருந்த பரப்பில் பெரும்பகுதி வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டது. 2005ஆம் ஆண்டில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் வளாகமும் செமினிக்கு வந்து சேர்ந்தது. ரிஞ்சிங் என்னும் பெயர் அன்று தோட்டத்துக்கும் தோட்டப் பள்ளிக்கும் உரிய பெயராக விளங்கியது. இன்று பண்டார் ரிஞ்சிங் என்னும் குடியிருப்பு நகரும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஊர் வளர்வது குற்றமன்று. காடு தோட்டமாவதும், தோட்டம் நகராவதும் காலத்தின் இயல்பே. ஆயினும் இம்மாற்றத்தைக் காணும் எவருள்ளத்திலும் ஒரு வினா எழாமல் இராது. தாத்தா மரம் நட்டார். தந்தை பால் வெட்டினார். மகன் அதே பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தான். மூன்று தலைமுறை உழைத்த அம்மண்ணில் ஒரு பிடியேனும் அக்குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்ததா? இல்லையெனில், அதனைச் சொந்தமாக்கிக் கொள்ள எவரேனும் முயன்றதுண்டா? முதல் வினாவுக்கு விடை யாவரும் அறிந்ததே. இரண்டாம் வினாவுக்குரிய விடையே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு சில்லிங் பங்கு

மலாயாவில் ரப்பர் வாணிகப் பயிராக வேரூன்றிய இடங்களுள் செமினிக்கு அடுத்துள்ள காஜாங்கும் ஒன்று. அங்கே இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி உடன்பிறப்புகள் 1890களின் நடுப்பகுதியில் ரப்பர்க் கன்றுகளை நட்டனர். பத்து ஆண்டுகள் கழிந்தன. மோட்டார் வண்டிகளின் பெருக்கத்தால் ரப்பரின் விலை ஏறியது. 1909, 1910ஆம் ஆண்டுகளில் இலண்டன் நகரில் ரப்பர்க் கும்பினிகள் மழைக்காலக் காளான்களைப் போல் தோன்றின.

அக்கும்பினிகள் முதல் திரட்டிய முறை உற்று நோக்கத்தக்கது. பெருஞ்செல்வர் சிலர் மட்டும் அவற்றின் உடைமையாளர் அல்லர். இரண்டு சில்லிங் விலையுள்ள சிறு பங்குகளும் விற்கப்பட்டன. மலாயா எத்திசையில் உள்ளது என்பதையே அறியாத எழுத்தர்களும் சிறு வணிகர்களும் அவற்றை வாங்கினர். அச்சிறு பணம் ஒன்று சேர்ந்து கடல் கடந்து வந்து காட்டை அழித்தது, மரத்தை நட்டது, தமிழகத்திலிருந்து ஆளைக் கொணர்ந்தது.

ஆகவே, பலர் பணம் ஓரிடத்தில் சேர்ந்தால் பெருந்தோட்டம் உருவாகும் என்பது தோட்ட முதலாளிகளே செய்து காட்டிய பாடம். அப்பாடத்தைத் தொழிலாளி கற்றுக்கொள்ள ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஏன் அத்துணைக் காலம் ஆயிற்று என்பதை அறிய, அவன் கைக்கு வந்த காசு எவ்வழியே சென்றது என்று காண்டல் வேண்டும்.

கடனும் கூட்டும்

கங்காணியின் பின்னே வந்த தொழிலாளியின் சம்பள நாள், கடன் தீர்க்கும் நாளாகவே கழிந்தது. அரிசி, பருப்பு, மிளகாய், துணி யாவும் தோட்டத்துக் கடையில் கணக்கில் வாங்கப்பட்டன. கடைக்காரரின் குறிப்புப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது என்பதை எழுத்தறியாத குடும்பம் எங்ஙனம் அறியும்? எஞ்சியதில் ஒரு பகுதியைக் கள்ளுக்கடை வாங்கிக்கொண்டது. மிகுந்ததை ஊருக்கு அனுப்பினர்.

கடன் கொடுப்போர் இல்லாமல் இல்லை. கோலாலம்பூர் லெபோ அம்பாங் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக விளங்கின. இந்நாட்டில் சிறு தோட்டங்கள் பல, அவர்கள் கொடுத்த முதலால் எழுந்தவை. எனினும் அக்கடனுக்கு நிலப் பட்டா ஈடாக வேண்டும். பின்னர் வந்த வங்கிகளும் அவ்வாறே ஈடு கேட்டன. நிலம் உடையவனுக்கே நிலம் வாங்கக் கடன் கிடைக்கும் என்பது அம்முறையின் இயல்பு. லயத்து வீடும் தோட்டத்துக்குரியது, வாசலில் நின்ற முருங்கை மரமும் தோட்டத்துக்குரியது என்ற நிலையில் இருந்தவன் எதை ஈடு வைப்பான்?

ஈடு வைக்க ஏதுமில்லாத மக்கள் தமக்குள் கண்ட வழியே கூட்டு. பத்துப் பேர் திங்கள்தோறும் ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுப்பர். சேர்ந்த நூறு வெள்ளி சீட்டுக் குலுக்கியோ ஏலத்திலோ ஒருவருக்குச் செல்லும். பத்துத் திங்களில் பத்துப் பேரும் ஒரு முறை மொத்தப் பணம் காண்பர். மகள் திருமணம், காது குத்து, ஊர்ப் பயணம் ஆகியவை இவ்வகையில் நிறைவேறின. இங்கு ஈடாக நின்றது நிலமன்று. ஒருவரையொருவர் அறிந்திருந்த நம்பிக்கையே ஈடு.

அந்நம்பிக்கை பழுதுபட்ட இடங்களும் உண்டு. கூட்டு நடத்துபவர் பணத்துடன் மறைந்தால் முறையிட இடமில்லை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகவே கொண்டோர் பெருகியதும், அதனைத் தடை செய்யும் சட்டம் 1971இல் பிறந்தது. அச்சட்டத்தின் மலாய்ப் பெயரிலேயே ‘கூட்டு’ என்னும் நம் சொல் ‘குத்து’ என இடம்பெற்றுள்ளது. சட்டத்தின் விளக்கத்தில் ‘சீட்டு’ என்னும் சொல்லும் உண்டு. தமிழரின் சேமிப்பு முறை நாட்டின் சட்ட ஏட்டில் தடைக்குரிய பொருளாகப் பதிவானது வருந்தத்தக்கதே. எனினும் அதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. கூட்டு என்பது பணத்தைச் சுழற்றும், பெருக்காது. பத்தாம் திங்களில் அது கலைந்துவிடும். நிலைத்து நிற்கும் உடைமையை அது உண்டாக்குவதில்லை.

கூட்டுறவு வந்த வழி

நிலைத்த உடைமையை உண்டாக்கும் கூட்டு ஒன்றை உலகின் வேறொரு மூலையில் உழைப்பாளிகள் கண்டறிந்திருந்தனர். இங்கிலாந்தின் ரோச்டேல் என்னும் நெசவாலை நகரில் தொழிலாளர் 28 பேர், வாரந்தோறும் சில பென்சுகளைச் சேர்த்து, 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி ஆகிய சில பொருள்களே அங்கு இருந்தன. அவர்கள் வகுத்த நெறிகளுள் தலையாயது ஒன்றே: ஒருவர் எத்தனை பங்கு வைத்திருப்பினும் அவருக்கு ஒரே வாக்கு.

கும்பினிக்கும் கூட்டுறவுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்நெறியில் அடங்கியுள்ளது. இரண்டும் பலர் பணத்தால் நடப்பவையே. கும்பினியில் பணம் வாக்களிக்கிறது. கூட்டுறவில் மனிதன் வாக்களிக்கிறான்.

ஜெர்மனி நாட்டில் ரைபைசன் என்பார் உழவர்க்கென அமைத்த கடன் சங்கங்களை, சென்னை மாநில அரசின் பணிப்பால் ஆராய்ந்தவர் பிரடெரிக் நிக்கல்சன். அவர்தம் அறிக்கை 1890களில் வெளிவந்தது. 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் காஞ்சிபுரத்தில் கூட்டுறவு நகர வங்கியும், சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின. பின்னதற்கு ரோச்டேல் கடையே முன்மாதிரி.

மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அஞ்சல், தந்தித் துறை ஊழியரின் சிக்கன நாணயச் சங்கம் முதலாவதாகப் பதிவு பெற்றது. தொடர்ந்து தோட்டங்களிலும் தொழிலாளர் சிக்கனச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. இவை நற்பணி ஆற்றின என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் நோக்கு ஊர் திரும்பும் நாளைப் பற்றியதாகவே இருந்தது. 1930க்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். திரும்பிச் செல்வோர் என்றே கருதப்பட்ட மக்கள், இங்கு நிலம் வாங்கச் சேமிக்க வேண்டும் என்னும் எண்ணத்தை எங்கிருந்து பெறுவர்?

அவ்வெண்ணத்தை உண்டாக்கியது ஒரு பேரிடர்.

துண்டாடல்

1950களில் மலாயா விடுதலையை நோக்கி விரைந்தது. அவசர காலத்தின் அச்சமும், எதிர்காலம் எவ்வாறிருக்குமோ என்னும் ஐயமும் சேர்ந்து, பிரிட்டிஷ் தோட்ட உரிமையாளர் பலர் தம் தோட்டங்களை விற்க முற்பட்டனர். வாங்கியவர் தோட்டம் நடத்தும் எண்ணம் கொண்டவரல்லர். பெருந்தோட்டத்தை மொத்தமாக வாங்கி, சிறு சிறு துண்டுகளாக்கி, துண்டுக்கு இவ்வளவு என்று விற்று ஆதாயம் காண்பதே அவர் தொழில். இதுவே துண்டாடல் எனப்பட்டது.

நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலமே தோட்டம் என்று கணக்கிடப்பட்டது. துண்டானபின் அது தோட்டமன்று. தோட்டத்துக்குரிய கடமைகள் எவர் தலையிலும் விழா. குடியிருப்பு, குடிநீர், மருத்துவ மனை, ஆயாக் கொட்டகை ஆகிய யாவும் கேட்பாரற்றுப் போயின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஒரு தோட்டம் இருபது உரிமையாளரின் கைக்குப் போனபின், எந்த உரிமையாளரிடம் சென்று பள்ளியைக் கேட்பது? கரும்பலகை இருந்தது, பிள்ளைகள் இருந்தனர், பள்ளிக்குப் பொறுப்பாளர் இலர்.

தொழிலாளர் நிலையோ இதனினும் கொடிது. புதிய உரிமையாளர் தம் துண்டில் தாமே பால் வெட்டினர்; அல்லது குத்தகைக்கு ஆள் வைத்தனர். வேலை போன அன்றே வீடும் போயிற்று. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் விரிவாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பிற்காலத்தில், தோட்ட நிலத்தைத் துண்டாக விற்பதற்கு அனுமதி பெற வேண்டும் என்னும் பிரிவு தேசிய நிலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதற்குள் பரந்த நிலம் கைமாறிவிட்டது.

பத்து வெள்ளி

இந்நிலையில் 1960ஆம் ஆண்டில் தோன்றியதே தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அதனைத் தோற்றுவித்தவர் துன் வீ. தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டில் ரப்பர் நிலமுடைய குடும்பத்தில் 1919இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1955இல் ம.இ.கா. தலைவராகவும் தொழிலாளர் துறை அமைச்சராகவும் ஆனவர் அவர். துண்டாடலை நிறுத்த வேண்டும் என்று கூட்டங்கள் தீர்மானம் இயற்றிக் கொண்டிருந்த நாளில், அவர் கேட்ட கேள்வி எளிமையானது: விற்பவர் விற்கட்டும், வாங்குபவர் நாமாக இருந்தால் என்ன?

பங்கின் விலை நூறு வெள்ளி. நாட்கூலி சில வெள்ளிகளாக இருந்த அக்காலத்தில் நூறு வெள்ளியை ஒரே முறையில் எவராலும் எண்ணி வைக்க இயலாது. எனவே திங்களுக்குப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று வகுக்கப்பட்டது. இத்தொகையைத் தொழிலாளர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கூட்டில் கட்டிப் பழகிய முறைதான். கூட்டுப் பணம் பத்தாம் திங்களில் கலைந்தது. இப்பணம் நிலமாகி நின்றது. ஆயிரம் பேர் பத்துத் திங்கள் கட்டினால் ஓர் இலட்சம் வெள்ளி சேரும் என்னும் கணக்கைச் சொல்ல எழுத்தறிவு வேண்டியதில்லை; விரல்களே போதும்.

சம்பந்தன் அமைச்சுப் பணிகளுக்கிடையே தோட்டம் தோட்டமாகச் சென்றார். பத்து வெள்ளி என்பது பல நாள் உழைப்பு. பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டிய பால் மாவு. அதைக் கண்ணால் காணாத நிலத்துக்காகக் கொடு என்று கேட்பது எளிதன்று. கொடுத்தவர் மனத்திலும் அச்சம் இல்லாமல் இராது. எனினும் கொடுத்தனர். கெடா மாநிலத்திலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. துண்டாகியிருக்க வேண்டிய ஒரு தோட்டம் முழுமையாக நின்றது. பின்னர்த் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து பத்தையும் கடந்தன. 1979இல் சம்பந்தன் மறைந்தபோது, சங்கம் நாட்டின் பெரிய கூட்டுறவு அமைப்புகளுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்னும் மாளிகையைத் தலைமையகமாகக் கொண்டு இன்றும் அது இயங்கி வருகிறது.

இரண்டு சில்லிங் பங்கால் உருவான தோட்டங்கள் பத்து வெள்ளிப் பங்குக்காரர் கைக்கு வந்தன என்பது தமிழர் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது.

செய்ததும் செய்யாததும்

ஆனால் வரலாறு என்பது புகழ் பாடுவது மட்டுமன்று. சங்கம் செய்ததைச் சொல்லும்போது, அதனால் செய்ய இயலாததையும் சொல்லுதல் கடமை.

முதலாவது, துண்டாடப்பட்ட பரப்பு முழுவதையும் சங்கத்தால் காப்பாற்ற இயலவில்லை. பணம் சேரும் வேகத்தைவிட நிலம் விற்கப்படும் வேகம் மிகுதி.

இரண்டாவது, பங்குதாரர் நாடெங்கும் இருந்தனர்; வாங்கிய நிலமோ சில இடங்களில் இருந்தது. உலு லங்காட் தோட்டமொன்றில் பால் வெட்டும் ஒருவர், கெடாவிலுள்ள தோட்டத்துக்குப் பங்குதாரராக இருக்கலாம். தாம் குடியிருக்கும் லயத்துக்கோ அவர் வெறும் குடியிருப்பாளர். அவருடைய தோட்டம் வீட்டு மனைகளாகும்போது, அவர் பெட்டியிலுள்ள பங்குப் பத்திரம் அந்த லயத்தைக் காக்காது. பங்கு ஆதாயத்துக்கு உரிமை தந்தது. கூரைக்கு உரிமை தரவில்லை.

மூன்றாவது, தோட்டத்தின் உரிமையாளர் மாறியதால் தோட்ட வேலையின் தன்மை மாறிவிடவில்லை. நிர்வாகி இருந்தார், கிராணி இருந்தார், பிரட்டும் இருந்தது. உடைமையாளன் என்ற எண்ணம் உழைப்பவன் உள்ளத்தில் ஊன்ற வேண்டுமானால், பங்குப் பத்திரத்துடன் கணக்கு அறிவும் வேண்டும். பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும் துணிவும் வேண்டும். இவ்விரண்டையும் எந்தச் சங்கமும் விலைக்கு வாங்கித் தர இயலாது.

இக்குறைகள் சங்கத்தின் பெருமையைக் குறைப்பன அல்ல. கூட்டுறவு என்னும் கருவி எதுவரை செல்லும், எங்கே உறுப்பினர் தாமே நடக்க வேண்டும் என்பதை அவை காட்டுகின்றன.

கணக்கும் கண்காணிப்பும்

உறுப்பினர் நடக்க மறந்தால் என்ன நேரும் என்பதை 1986ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு உணர்த்தியது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் அவ்வாண்டில் முடக்கப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு அவற்றுள் சிக்கியது. வங்கியினும் மிகுதியான வட்டி என்னும் ஆசையால் பணம் வெள்ளமெனப் புகுந்தது. அப்பணம் நிலத்திலும் பங்குச் சந்தையிலும் முடங்கியது. பெயரில் கூட்டுறவு இருந்தது. ஆயின் உறுப்பினருட் பலர் பொதுக்கூட்டத்தையும் கண்டதில்லை, ஐந்தொகைக் கணக்கையும் படித்ததில்லை.

வேகமாகச் சேரும் பணத்துக்குக் காவல் குறைவு. பத்துப் பத்து வெள்ளியாகச் சேரும் பணத்துக்கு, அதைக் கொடுத்தவன் கண்ணே காவல். இக்காவலைப் பயிற்றுவிக்கும் இடம் பள்ளிக்கூடமே என்று கருதியவர் உங்கு அசிஸ். 1971இல் தோன்றிய அங்காசா என்னும் தேசியக் கூட்டுறவு அமைப்புக்குப் பல்லாண்டு தலைமை தாங்கிய அவர், பள்ளிக் கூட்டுறவுச் சங்கங்கள் நாடெங்கும் பரவத் துணை நின்றார். தன் பள்ளிக் கடையில் பென்சிலும் குறிப்பேடும் விற்று, ஆண்டு முடிவில் வரவையும் செலவையும் தானே கூட்டிப் பார்க்கும் மாணவன், நாளை ஒரு பெருஞ்சங்கத்தின் கூட்டத்தில் வாய்மூடி அமர்ந்திரான்.

இன்று தோட்டத்துக் கடையின் கணக்குப் புத்தகம் மறைந்துவிட்டது. அதன் இடத்தில் தவணைக் கொள்முதலும் கடன் அட்டையும் வந்துள்ளன. அன்று கடைக்காரர் எழுதியதை வாசிக்க இயலாத பாட்டி கடன்பட்டார். இன்று அச்சிட்ட விதிகளை வாசிக்க இயன்றும் வாசிக்காத பேரன் கடன்படுகிறான். சம்பள நாளுக்கு முன்பே செலவழிந்துவிட்ட சம்பளம் அன்றும் இன்றும் ஒன்றே.

செமினியின் புதிய வீதிகளில் நடப்போர்க்குப் பால்மரத்தின் அடையாளம் எளிதில் தென்படாது. இங்கு இனித் தோட்டம் வாங்க வேண்டிய தேவையுமில்லை. ஆனால் வீடு வாங்க வேண்டியுள்ளது. பிள்ளையின் மேற்கல்விக்குப் பணம் வேண்டியுள்ளது. முதுமைக்குச் சேமிக்க வேண்டியுள்ளது. இவற்றைத் தனித் தனியே கடனால் தேடுவதா, ஒன்று கூடிச் சேமிப்பால் தேடுவதா என்பது ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தாத்தாவின் பழைய பெட்டியில் மஞ்சளடித்த பங்குப் பத்திரம் ஏதேனும் இருப்பின், அதனை எடுத்துத் துடைத்துப் பார்த்தல் நன்று. அது வெறும் காகிதமன்று. ஈடு வைக்க ஏதுமில்லாத ஒருவர், பல நாள் கூலியை எண்ணி வைத்து, தம் பெயரன் இம்மண்ணில் உரிமையோடு நிற்பான் என்று நம்பியதற்குச் சான்று அது. பங்கு எத்தனையாயினும், சங்க உறுப்பினராக இருப்பவர்க்கு இன்றும் ஒரு வாக்கு உண்டு. அவ்வாக்கை அளிக்க அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் செல்வதே அவர் நம்பிக்கைக்கு நாம் செய்யும் கைம்மாறு.